ஸ்க்ரீன் டைம்: போன் காட்டும் மணிக்கணக்கை எப்படிப் படிப்பது?

போன மாதம் ஒருநாள் அம்மாவின் போனை எடுத்து ஏதோ நோண்டிக்கொண்டிருந்த அக்கா, திடீரென்று பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். "டேய், அம்மா ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போன் பாக்குறாங்கடா!" அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கண் கெட்டுவிடும், தூக்கம் போய்விடும் என்று அக்கா அடுக்கிக்கொண்டே போக, ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

பிறகு உட்கார்ந்து அந்த 6 மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தோம். காலை 5 மணிக்கு எழுந்ததும் அம்மா யூடியூபில் பக்திப் பாட்டைப் போட்டு, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அடுப்படி வேலையைத் தொடங்குவார். 8 மணிவரை அது பாட்டுக்கு ஓடும். சாயங்காலம் விளக்கேற்றும்போது இன்னொரு ஒன்றரை மணி நேரம். ஆக நாலரை மணி நேரம் திரை எரிந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் உண்மையில் உட்கார்ந்து பார்த்தது மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அதே வாரம் அக்கா பையனின் போன் ஒரு நாளைக்கு 1 மணி 50 நிமிடம் காட்டியது. பத்தாம் வகுப்புப் பையன், இவ்வளவு குறைவா என்று எல்லோரும் மெச்சினோம். அதுவும் தப்பான முடிவு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்று பல வீடுகளில் சண்டை நடக்கிறது. பிள்ளைகள் திட்டு வாங்குகிறார்கள், பெரியவர்கள் குற்ற உணர்வில் குறுகுகிறார்கள். எதை எண்ணினால் அந்த எண் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கே முதலிலிருந்து பார்க்கப்போகிறோம்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

சினிமாப் பேச்சில் ஸ்க்ரீன் டைம் என்றால் ஒரு நடிகர் திரையில் எவ்வளவு நேரம் வருகிறார் என்று பொருள். 'வில்லனுக்கு ஸ்க்ரீன் டைம் கம்மி' என்று நாமே சொல்லியிருப்போம். போன் பேச்சில் அது திரைக்கு முன்னால் நாம் இருக்கும் நேரம். இந்த இரண்டாவது பொருளையும் ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். குழந்தை மருத்துவர் ஸ்க்ரீன் டைம் என்று சொல்லும்போது டிவி, டேப்லெட், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். போனின் செட்டிங்ஸில் தெரியும் எண்ணோ பெரும்பாலும் அந்த ஒரு போனின் கணக்கு மட்டும். டிவியில் 3 மணி நேரம் சீரியல் பார்த்தவரின் போன் 40 நிமிடம் காட்டலாம். இரண்டு எண்ணும் பொய் இல்லை. ஒன்றை மற்றொன்று என்று நினைத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது.

இந்தக் கட்டுரையில் ஸ்க்ரீன் டைம் என்றால் போன் காட்டும் எண். அவ்வளவுதான்.

வாட்ச்மேன் நோட்டு

பெரிய அலுவலகங்களின் வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு இருக்கும். பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையெழுத்து. சாயங்காலம் அந்த நோட்டை வைத்துக் கணக்குப் போட்டால் யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று நிமிடச் சுத்தமாகச் சொல்லிவிடலாம். உள்ளே போனவர் வேலை பார்த்தாரா, கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்தாரா, மேஜையில் தலை சாய்த்துத் தூங்கினாரா? அது வாட்ச்மேனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது அவர் வேலையும் இல்லை.

போனுக்குள்ளும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. எல்லா ஆப்களையும் கட்டி மேய்க்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பார்கள். ஆண்ட்ராய்டு ஓர் இயங்குதளம், ஐபோனில் இருக்கும் ஐஓஎஸ் இன்னொன்று. நோட்டு எழுதுவது இந்த இயங்குதளம்தான். ஒரு ஆப் திரையில் நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் நிலைக்கு 'முன்புறம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இன்னொரு ஆப்பைத் திறந்தாலோ திரையை அணைத்தாலோ அது 'பின்புற'த்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முறை ஒரு ஆப் முன்னே வரும்போதும் பின்னே போகும்போதும் இயங்குதளம் நேரத்தோடு ஒரு வரி எழுதிக்கொள்ளும். திரை எரிந்தது, அணைந்தது, பூட்டு திறந்தது ஆகியவையும் வரிகளாகச் சேரும். இந்த வரிசைக்கு நிகழ்வுப் பதிவு என்று பெயர்.

காலையில் எழுந்ததும் நடப்பதை எடுத்துக்கொள்வோம்.

7.02 – திரை எரிந்தது, பூட்டு திறந்தது
7.02 – வாட்ஸ்அப் முன்னே வந்தது
7.09 – வாட்ஸ்அப் பின்னே போனது, யூடியூப் முன்னே வந்தது
7.31 – யூடியூப் பின்னே போனது, திரை அணைந்தது

வாட்ஸ்அப்புக்கு 7 நிமிடம், யூடியூபுக்கு 22 நிமிடம், மொத்தம் 29. வெறும் கழித்தலும் கூட்டலும்தான். நாள் முழுக்க இப்படிச் சேர்த்துக்கொண்டே போய், நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய கணக்கை மூடிவிட்டு அடுத்த நாளைப் புதிதாகத் தொடங்கும்.

கேமரா நம் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்து இந்தக் கணக்கைப் போடுகிறது என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கணக்கில் கேமராவுக்கு எந்த வேலையும் இல்லை. நாம் பார்க்கிறோமா, பக்கத்து அறையில் இருக்கிறோமா என்பதைத் தெரிந்துகொள்ள இந்த நோட்டில் கட்டமே கிடையாது.

நோட்டு ஒன்றும் புதியதும் இல்லை. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பிலேயே, நாம் அனுமதி கொடுத்தால் மற்ற ஆப்கள் இந்தப் பதிவைப் படிக்க வழி செய்திருந்தார்கள். சாதாரணமாகப் போன் வைத்திருப்பவர் தன் கணக்கைத் தானே பார்க்கும் வசதி பரவலானது 2018இல்தான். அந்த ஆண்டு கூகுள் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பெயரிலும், ஆப்பிள் ஐஓஎஸ் 12இல் 'ஸ்க்ரீன் டைம்' என்ற பெயரிலும் இதைக் கொண்டுவந்தன. ஒரே ஆண்டில் இரண்டும் வந்ததால் 'ஸ்க்ரீன் டைம் எவ்வளவு?' என்ற கேள்வியும் அதன் பிறகுதான் வீட்டுப் பேச்சாக மாறியது.

இதுவரை பார்த்தது: ஸ்க்ரீன் டைம் என்பது திரை எரியும்போது ஆப்கள் முன்னால் இருந்த நேரத்தின் கூட்டுத்தொகை. கவனத்தையோ கண்ணையோ அது அளப்பதில்லை.

எண் எங்கெல்லாம் தவறாகப் புரிகிறது

நோட்டு எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே ஏமாறுவோம் என்பதை நாமே ஊகித்துவிடலாம்.

அம்மாவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு கட்டாமல் யூடியூப் பார்ப்பவர்கள் திரையை அணைத்தால் பெரும்பாலும் பாட்டு நின்றுவிடும். அதனால் அவர் திரையை எரியவிட்டுத்தான் ஆகவேண்டும். எரிந்தால் நோட்டில் ஏறும். அதே பாட்டைத் திரை அணைந்திருந்தாலும் ஓடும் ஒரு பாட்டு ஆப்பில் கேட்டால் அந்த நாலரை மணி நேரம் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். பிறகு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் அம்மாவின் கணக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கிவிட்டது. அக்காவுக்கு நிம்மதி. அம்மாவின் நாளில் ஒன்றுமே மாறவில்லை. அதே பாட்டு, அதே அடுப்பு, அதே சர்க்கரை டப்பா.

சென்னையிலிருந்து மதுரைக்கு மேப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுபவரின் போனில் அன்று 7, 8 மணி நேரம் கூடுதலாக ஏறும். போனில் ஆன்லைன் வகுப்பு கேட்கும் மாணவிக்கும், போனிலேயே ஆர்டர் எடுத்து வியாபாரம் செய்யும் பெண்ணுக்கும் கணக்கு வானத்தைத் தொடும். மறுபக்கம், காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேச்சுகளைக் கேட்பவரின் எண் மிகக் குறைவாக இருக்கும்.

ஒரு ஆப்புக்குள்ளே என்ன நடந்தது என்பதும் சரியாகத் தெரியாது. ஃபேஸ்புக்கில் ஒரு செய்தியைத் தொட்டால் பல நேரம் அந்தப் பக்கம் ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும். நீங்கள் 20 நிமிடம் நல்ல கட்டுரை ஒன்றைப் படித்திருக்கலாம். நோட்டில் அது ஃபேஸ்புக் 20 நிமிடம்தான்.

அப்புறம் ஒன்று, நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது. கணக்கு போனுக்குத்தான், ஆளுக்கு இல்லை. பாட்டியின் போனில் பேரன் மத்தியானம் முழுக்க கேம் ஆடினால் அது பாட்டியின் கணக்கில் ஏறும். இதற்கு நேர்மாறாக, ஐபோனோடு ஐபேடும் வைத்திருந்து, எல்லாக் கருவிகளையும் சேர்த்துக் காட்டும்படி செட்டிங்ஸில் விட்டிருந்தால், இரண்டின் நேரமும் கூடி ஒரே எண்ணாகத் தெரியும். ஐபேடைக் குழந்தையிடம் கொடுத்துவைத்திருக்கும் அப்பாவுக்கு அது அதிர்ச்சியான எண்ணாக இருக்கும்.

எத்தனை முறை எடுத்தோம்?

சரி, அக்கா பையன் கதைக்கு வருவோம்.

மொத்த நேரத்துக்குப் பக்கத்திலேயே, நாம் தாண்டிப் போய்விடும் இன்னொரு எண் இருக்கும். ஆண்ட்ராய்டில் அதற்கு அன்லாக் என்று பெயர், ஒரு நாளில் போனின் பூட்டை எத்தனை முறை திறந்தோம் என்பது. ஐபோனில் இதைப் போன்ற எண்ணை பிக்அப் என்கிறார்கள். போனை எடுத்ததும் முதலில் எந்த ஆப்பைத் தொட்டோம் என்பதையும் ஐபோன் காட்டும். எனக்கு இதில் மிகவும் பயனுள்ள தகவலாகப் படுவது அதுதான். கை தானாக எங்கே போகிறது என்பதை அது அப்படியே சொல்லிவிடுகிறது.

பையனின் அன்லாக் எண் 112. அவன் பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோவதில்லை. சாயங்காலம் 5 மணிக்குக் கையில் எடுத்தால் இரவு 11 மணிக்கு வைப்பான். அதாவது 6 மணி நேரத்தில் 112 முறை, சுமார் 3 நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1 நிமிடம்தான் பார்த்திருக்கிறான். மொத்தம் 1 மணி 50 நிமிடம் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரிந்த எண், அவன் படிக்க உட்கார்ந்த நேரம் முழுவதையும் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தது. ஒரே மூச்சில் 2 மணி நேரம் படம் பார்த்துவிட்டுப் போனை மூடிவைக்கும் பையனைத்தான் நாம் திட்டியிருப்போம். அவனிடம் மாலையில் 4 மணி நேரம் முழுதாக மிஞ்சியிருக்கும்.

ஏன் இத்தனை முறை எடுத்தான் என்பதற்கு மூன்றாவது எண்ணைப் பார்க்கவேண்டும். அது நோட்டிஃபிகேஷன். ஆப்கள் நம்மைக் கூப்பிட்டு அனுப்பும் அறிவிப்புகள். எந்த ஆப் ஒரு நாளில் எத்தனை முறை கூப்பிட்டது என்ற பட்டியலும் அதே இடத்தில் இருக்கும். அவனுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழு ஒன்று, டியூஷன் குழு ஒன்று, ஒரு கேம். மூன்றும் மாறி மாறிக் கூப்பிட்டிருக்கின்றன.

சுருக்கமாக: மொத்த நேரம் எவ்வளவு போனது என்று சொல்லும். அன்லாக் எண் அது எத்தனை துண்டாகப் போனது என்று சொல்லும். நோட்டிஃபிகேஷன் எண், நாம் போனைத் தேடிப் போனோமா, போன் நம்மைக் கூப்பிட்டதா என்று ஓரளவு காட்டும்.

சராசரி என்னும் பொறி

வார அறிக்கையில் பெரிய எழுத்தில் தெரிவது தினசரி சராசரி. ஏழு நாள் நேரத்தையும் கூட்டி ஏழால் வகுத்தது. ஒருவர் வேலை நாட்கள் ஐந்திலும் 2 மணி நேரம், சனி ஞாயிறுகளில் 7 மணி நேரம் பார்க்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 24 மணி நேரம். சராசரி 3 மணி 26 நிமிடம். அந்த வாரத்தில் எந்த ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. அவர் யோசிக்கவேண்டிய விஷயம் சனி ஞாயிறில் இருக்கிறது, சராசரி அதை மறைத்துவிடுகிறது. அதனால் நாள்வாரியாக நிற்கும் பட்டைகளைப் பாருங்கள். ஒரு பட்டையைத் தொட்டால் அன்றைய ஆப் பட்டியல் வரும், ஐபோனில் மணிவாரியாகவும் தெரியும்.

நினைவை நம்பலாமா?

'செட்டிங்ஸ் எதற்கு, நான் எவ்வளவு பார்க்கிறேன் என்று எனக்கே தெரியும்' என்பவர்களிடம் ஒரு சின்ன சோதனை சொல்வேன். எண்ணைப் பார்க்கும் முன் உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பாருங்கள். பெரும்பாலும் பொருந்தாது. உட்கார்ந்து பார்த்த படம் நினைவில் நிற்கும். பஸ் ஸ்டாப்பிலும், சோறு வேகும்போதும், படுக்கையிலும் எடுத்த இரண்டு இரண்டு நிமிடங்கள் நிற்பதில்லை.

இது தனிமனிதர் பிரச்சினையாக மட்டும் நின்றுவிடவில்லை. போன் பயன்பாட்டைப் பற்றிய ஆய்வுகள் பல ஆண்டுகளாக, 'நாளைக்கு எத்தனை மணி நேரம் பயன்படுத்துகிறீர்கள்?' என்று ஆட்களிடமே கேட்டு, அவர்கள் சொன்ன பதிலை வைத்து நடந்தவை. 2021இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இப்படி வாயால் சொன்ன அளவையும் கருவி பதிவு செய்த அளவையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. இரண்டுக்கும் இடையே மிதமான பொருத்தம்தான் இருந்தது, சொன்னது பதிவோடு சரியாக ஒத்துப்போனது அரிது. ஆகவே 'இத்தனை மணி நேரம் பார்த்தால் இன்ன ஆபத்து' என்று தலைப்பு வரும்போது, அந்த மணி நேரத்தை எப்படி அளந்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதே இதழில் 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இருவர் எழுதிய ஆய்வும் இங்கே பொருத்தம். அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளில் 3,50,000க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரிடம் திரட்டிய தரவுகளை அவர்கள் அலசினார்கள். பிள்ளைகளுக்கு இடையே மனநலத்தில் காணும் வேறுபாட்டில், டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். எந்தப் பிள்ளைக்கும் எந்தத் தீங்கும் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. வெறும் மணிக்கணக்கை வைத்து ஒரு பிள்ளையின் மனநிலையைச் சொல்லிவிட முடியாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

'2 மணி நேரம்' எங்கிருந்து வந்தது?

'ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது' என்ற விதியைப் பலரும் எல்லா வயதினருக்கும் பொதுவாகச் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2001இல், டிவியை முதன்மையாக மனதில் வைத்து, பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 2 மணி நேரம் என்று சொன்னது. 2016இல் அதே சங்கம் அதை மாற்றிக்கொண்டது. 2 முதல் 5 வயதுவரை நல்ல நிகழ்ச்சிகளாக 1 மணி நேரம் என்றது. 6 வயதுக்கு மேல் ஒரே எண்ணை எல்லோருக்கும் வைக்காமல், தூக்கமும் உடற்பயிற்சியும் கெடாதபடி குடும்பமே வரம்பு வைத்துக்கொள்ளச் சொன்னது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2 வயதுக்குக் கீழே உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை 1 மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது. இந்தச் சின்ன வயது வரம்புகளை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அந்த வயதுக் குழந்தைக்கு ஓடியாடுவதும் தூங்குவதும் நம்மோடு பேசுவதும்தான் வளர்ச்சி. திரை எடுத்துக்கொள்வது அந்த நேரத்தைத்தான். பெரியவர்களுக்கு அந்த நிறுவனம் மணிக்கணக்கில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. உட்கார்ந்தே இருக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்கிறது, அவ்வளவே.

நோட்டை யார் படிக்கிறார்கள்?

ஸ்க்ரீன் டைம் பார்க்கத் தனி ஆப் இறக்கவேண்டும் என்று நினைத்துப் பலர் கண்டதை இறக்குகிறார்கள். அண்மைக்கால போன்களில் பெரும்பாலும் தேவையில்லை, செட்டிங்ஸிலேயே இருக்கிறது. வெளி ஆப் ஒன்றை இறக்கினால், பயன்பாட்டு விவரங்களைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வாட்ச்மேன் நோட்டு அதன் கைக்குப் போகிறது என்று பொருள். நீங்கள் எந்த வங்கி ஆப்பை எப்போது திறந்தீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். யார் செய்தது என்று தெரியாத ஆப்புக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

ஒரு வாரம் பார்த்தால் போதும்

முதல் வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள். டைமர் வைக்காதீர்கள், சபதம் எடுக்காதீர்கள். ஆப் டைமர் என்பது இதே நோட்டை வைத்து, குறித்த நேரம் முடிந்ததும் ஆப்பை அன்றைக்கு மூடிவைக்கும் வசதி. அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலிலேயே வைத்தால், டைமரை எப்படித் தாண்டுவது என்பதைத்தான் கற்றுக்கொள்வோம்.

வாரக் கடைசியில் ஆப் பட்டியலைத் திறந்து, திரை எரிந்தும் பார்க்காத நேரத்தை முதலில் கழியுங்கள். வேலைக்கும் படிப்புக்கும் போனதைத் தனியாக வையுங்கள். மிஞ்சியதில் எது எந்த மணியில் விழுகிறது என்று பாருங்கள். மத்தியானம் பார்த்த 1 மணி நேரமும், இரவு 11 மணிக்கு மேல் தூக்கத்திலிருந்து கடன் வாங்கிய 1 மணி நேரமும் நோட்டில் ஒரே எடைதான். உடம்புக்கு ஒரே எடை இல்லை.

அக்கா பையனோடு உட்கார்ந்து இதையே செய்தோம். டைமர் எதுவும் வைக்கவில்லை. இரண்டு குழுக்களையும் ம்யூட் செய்தான், கேமின் நோட்டிஃபிகேஷனை நிறுத்தினான். அடுத்த வாரம் மொத்த நேரம் 1 மணி 45 நிமிடம், அதாவது 5 நிமிடம்தான் குறைந்தது. அன்லாக் 112இலிருந்து 60க்கு வந்திருந்தது. 6 நிமிடத்துக்கு ஒருமுறை.

"கணக்கு ஒண்ணு போட்டு முடிக்க 6 நிமிஷம் போதுமாடா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்ன கணக்குன்னா போதும் மாமா. பெரிய கணக்குக்குப் பத்தாது" என்றான். அந்த வாரத்திலிருந்து 7 முதல் 8 மணிவரை போன் அம்மாவின் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவனாகவே கொண்டுபோய் வைக்கிறான்.